குட்டைச் சின்னையாவின் மகன்

ஆயர் தாவாரில் பஸ் ஏறியதிலிருந்து ஈப்போ வரும்வரை அப்பாவுக்குப் பாடம் நடத்தினேன்.

"பிள்ளை இருக்குன்னு தெரிஞ்சா அந்த முதியோர் இல்லத்துல எடுக்க மாட்டாங்கப்பா. நான் பக்கத்து வீட்டுக்காரன். 'டேய் பாலா'ன்னு வாய் தவறிக்கூடக் கூப்பிட்டுறாதீங்க."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டாரா இல்லையா என்று தெரியாமல் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சல் அவர்மேல் இல்லை என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

வேறு வழி இல்லை. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போட்ட தோட்ட நிர்வாகம், மாதக் கடைசிக்குள் அப்பா இருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டது. ஈப்போவில் நானும் மங்களமும் மூன்று பிள்ளைகளும் ஒரே அறையில் இருக்கிறோம். பகலில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவோம். அப்பாவோ அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, மறந்துபோய் வெளியே நடந்துவிடுவார். போன மாதம் வந்திருந்தபோது பாதிச் சுவர் கருகிவிட்டது. கிழவர் இன்னொரு நாள் தங்கினால் எல்லோரும் கிளம்ப வேண்டியதுதான் என்று வீட்டுக்காரச் சீனர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இல்லத்தின் மேற்பார்வையாளர் மிஸ் கெர்ட்ரூட். எங்களை உட்காரச் சொன்னார்.

"ஒரு கட்டில்தான் காலியா இருக்கு. அடுத்தது எப்பன்னு சொல்ல முடியாது. இவருக்கு யாருமே இல்லையா?"

"யாரும் இல்ல மிஸ். நான் பக்கத்து வீடு."

அப்பா வாயைத் திறக்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"கூட்டி வந்தவர் ஐ.சி. குடுங்க. பதியணும்."

அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். நீட்டிய பிறகுதான் உறைத்தது. வழியெல்லாம் அவர் வாயைக் கட்டிய நான், என் ஐ.சி.யை யோசித்தேனா? இந்த நாட்டில் நம் ஆட்களின் ஐ.சி.யில் சொந்தப் பெயர் தனியாக நிற்காதே, கூடவே அப்பன் பெயரும் உட்கார்ந்திருக்குமே. மடையன், மடையன்.

மிஸ் வாசித்தார். "ஜெயபாலன். தகப்பனார் பேரு சின்னையா." மேசைமேல் கிடந்த அப்பாவின் ஐ.சி.யைப் பார்த்தார். "இவர் பேரும் சின்னையா."

கட்டில் போய்விட்டது.

அப்பா சிரித்தார்.

"எங்க தோட்டத்துல மூணு சின்னையா இருந்தோம், மிஸ். நான் நெட்டை. இந்தத் தம்பி குட்டைச் சின்னையா மகன். அவன் செத்து ஆறு வருசம் ஆச்சு. பாடையில ஒரு பக்கம் நான்தான் தூக்குனேன்."

குட்டைச் சின்னையா இருந்ததும் உண்மை, செத்ததும் உண்மை. ஆனால் அவர் கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை.

மிஸ் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பேனா ஓடும் சத்தம் கேட்டது.

"கடைசியா ஒண்ணு. இவருக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா? சொந்தம் இல்லாதவங்களை நாங்களே புதைச்சிருவோம்."

"புதைச்சிருங்க," என்றார் அப்பா.

அம்மா போன நாளிலிருந்து, 'நீதாண்டா எனக்குக் கொள்ளி வைக்கணும்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். குடித்தாலும் அதையேதான் சொல்வார், குடிக்காவிட்டாலும் அதையேதான் சொல்வார்.

"எனக்குச் சொல்லி அனுப்புங்க மிஸ். நான் வந்து கொள்ளி வைக்கிறேன்."

"பக்கத்து வீட்டுக்காரரா?"

"ஆமா."

மிஸ் பேனாவை மறுபடி எடுத்தார். என் முகவரியை எழுதிக்கொண்டு, கட்டில் இருக்கும் அறையைக் காட்ட எழுந்தார்.

அப்பாவும் எழுந்தார். முப்பத்தெட்டு வருடத்தில் என்னை ஒரு தடவைகூட 'டா' போடாமல் கூப்பிடாத மனிதர், என் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் கூப்பினார்.

"உங்களுக்கு எதுக்குங்க தம்பி வீண் சிரமம்? வீட்டுல பிள்ளைங்க தேடும். கெளம்புங்க."