கீழ் வளையம்

ரிட்சு படக்கருவியில் படச்சுருளை மாட்டிக்கொண்டிருந்தாள். வகுப்பறைச் சன்னல்களில் கறுப்புத் துணியை இழுத்துவிட்டு நின்ற கினுயோவின் கண்கள் அந்த விரல்களை விட்டு அகலவில்லை. பற்சக்கரங்களுக்கு நடுவே படம் தொய்ந்து நிற்கும் மேல் வளையம் சரி. கீழ் வளையம்தான் சிறுத்துவிட்டது. இரண்டு விரல் அகலம் தொய்ந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு விரல்கூட இல்லை. இப்படியே ஓடினால் படம் இழுபட்டுக் கிழியும்.

"சீக்கிரம் ஆகட்டும்மா. பசங்க அணிவகுப்புக்குப் போகணும்," என்றார் வாசலில் நின்ற தலைமையாசிரியர் ஒகுமுரா.

அவசரப்படுத்தியது அவர். ரிட்சு மறுபடி சரிபார்க்கவில்லை.

பள்ளியின் ஆண் ஆசிரியர்கள் இரண்டு பேர் போருக்குப் போய்விட்டதால், படக்கருவிப் பயிற்சிக்கு இம்முறை பெண்களையும் அனுப்பலாம் என்று மாவட்டத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. பதின்மூன்று வருடம் பாடம் நடத்திய தன்னைத்தான் அனுப்புவார்கள் என்று கினுயோ நல்ல உடுப்பைத் துவைத்து மடித்தே வைத்துவிட்டாள். ஒகுமுரா சிரித்தார். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு டீச்சர் இரும்போட மல்லுக்கட்டு? ரிட்சு சின்னப் பொண்ணு, கை துறுதுறுன்னு இருக்கு."

போன இலையுதிர் காலத்தில்தான் கடற்கரை ஊரிலிருந்து வந்து சேர்ந்தவள் ரிட்சு. அவள் பயிற்சிக்குப் போயிருந்த ஆறு நாளும் அவளுடைய வகுப்பையும் கினுயோதான் பார்த்துக்கொண்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கருவிப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த செய்முறைப் புத்தகத்தை ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதினாள். கருவியைத் தொடவில்லை. தொட்டால் யாராவது பார்த்துச் சிரிப்பார்கள். ரிட்சு திரும்பி வந்தபோது, "உங்களுக்குன்னே வாங்கினேன் டீச்சர்," என்று ஒரு பொட்டலம் கருவாடு கொடுத்தாள். கினுயோ அதைப் பிரிக்காமலே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

இன்றைய படம் கடலைப் பற்றியது. அந்த மலையூரில் கடலைப் பார்த்த பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. கினுயோவும் பார்த்ததில்லை. வருடாவருடம் கரும்பலகையில் நீலச் சுண்ணக்கட்டியால் கடல் வரைந்ததோடு சரி. கப்பலில் வேலை பார்க்கும் தகப்பனுக்கு மகளான தமாயோ ஓடி வந்தாள்.

"டீச்சர், எங்கப்பா இருக்கற கடலா இது?"

கேட்டது ரிட்சுவிடம். தமாயோவுக்கு வகுப்பாசிரியை கினுயோ.

'ரிட்சு, கீழ பாரு.' மூன்றே சொல். தொண்டை வரை வந்தது. கினுயோ துணியின் ஓரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

விளக்கு எரிந்தது. கருவி ஓட, பிள்ளைகள் "ஹோ" என்று கூவினார்கள். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். கினுயோ மட்டும் அந்த வளையத்தையே பார்த்தாள். அது துடித்தது, சுருங்கியது. கடகடவென்று சத்தம் எழுந்தது. பட்டென்று படம் அறுந்து தரையில் சரிந்தது.

திரையில் வெறும் வெளிச்சம். அவள் எதிர்பார்த்த மகிழ்ச்சி வரவில்லை. வருவதற்குள் ரிட்சு வெளிச்சத்தின் குறுக்கே போய்க் கைகளைக் கோத்து, திரையில் விழுந்த நிழலைப் பக்கவாட்டில் நடத்தினாள். "இதோ பாருங்க, இதுதான் எங்க ஊரு நண்டு. எங்க தாத்தா கால் விரல கவ்வினது!" குரல் நடுங்கியது. பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை. படத்துக்குக் கூவியதை விடப் பெரிதாகக் கூவினார்கள். தமாயோ எழுந்தே நின்றுவிட்டாள்.

"யார் பொறுப்பு இதுக்கு? நாளைக்கு அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டிய படம்," என்றார் ஒகுமுரா.

"என் தப்புதான் சார். விளக்கம் எழுதித் தந்துடறேன்."

பிள்ளைகள் அணிவகுப்புக்குப் போனார்கள். ரிட்சு அறுந்த முனைகளைச் சுரண்டிப் பசை தடவி ஒட்டினாள். காய்வதற்குள் கண்ணை இரண்டு முறை துடைத்துக்கொண்டாள். "ஓட்டிப் பார்த்துடலாம். இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்களேன் டீச்சர்."

கினுயோ பிடித்தாள். பற்சக்கரத்தின் மேல் படத்தைப் படிய வைத்தாள். யாரும் கேட்காமலே அவளுடைய இரண்டு விரல்கள் உள்ளே நுழைந்து, கீழே அளவாகத் தொய்வு விட்டன. செய்து முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

ரிட்சு வளையத்தைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"இது... உங்களுக்குத் தெரியுமா?"

கினுயோ பசைப் புட்டியை எடுத்து மூடினாள்.

"அப்ப, பாத்துக்கிட்டேதான் நின்னீங்களா?"

வெளியே அணிவகுப்பின் விசில் ஒலித்தது. ரிட்சு வேறொன்றும் கேட்காமல் விசையைத் திருப்பினாள்.

திரை முழுக்கக் கடல் எழுந்தது. நீலமே இல்லை. சாம்பல் நிறத்தில், கினுயோ கரும்பலகையில் வரைந்த எதையும் போல இல்லாமல், ஒரு அலை உயர்ந்து பாறையில் மோதி வெண்மையாகச் சிதறியது. அடுத்தது அதன் பின்னாலேயே வந்தது. கினுயோ கண் கொட்டாமல் பார்த்தாள். ரிட்சு திரையின் பக்கம் திரும்பவே இல்லை, தன்னையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது, அவள் பக்கம் திரும்பாமலே, கினுயோவின் கன்னத்தில் உறைத்தது.