அனல் வரும் நேரம்

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட மரியபுஷ்பத்துக்கு, மாதவிலக்கு நின்றபின் திடீர் திடீரென்று உடம்பில் அனல் ஏறியது. ஹார்மோன் மாத்திரை அவளுக்கு ஆகாது என்றுவிட்டார் டாக்டர். வேறு மாத்திரை எழுதிக்கொடுத்து, மூச்சை மெதுவாக இழுத்துவிடவும் பழக்கினார்.

மண்டபம் ஊரில், நண்டுச் சதை எடுக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. அனல் வரும்போதெல்லாம் வெட்கப்பட்டுக் கழிப்பறைக்குள் போய் நின்றுகொள்வாள்.

ஒருநாள் சூப்பர்வைசர் சேதுலட்சுமி, "அடிக்கடி எங்கனக்கா போறீக?" என்று கேட்டாள். மரியபுஷ்பம் மறைக்காமல் சொல்லிவிட்டாள்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. வாங்க, இந்த ஃபேனுக்கு நேரா உக்காருங்க."

அன்று மூன்று முறை அனல் வந்தது. மூன்று முறையும் நண்டை மேசையில் வைத்துவிட்டு, எல்லார் முன்னாலும் நிதானமாக மூச்சு விட்டாள். தணிந்ததும் அடுத்த நண்டை எடுத்தாள்.