மிளகளவு மொட்டு

பக்கத்து வீட்டு அம்புஜத்திடம் ஒரு வேலை சொன்னால், செய்வதற்கு முன்னால் அதைத் திருத்திவிடுவாள். பெற்ற மகள் லாஸ்யா சொன்னாலும் அதே கதைதான்.

லாஸ்யா பிஎச்.டி.க்காகச் செம்பருத்தி மகரந்தத்தின் சுவரை ஆராய்கிறாள். மூன்று வருட மைக்ராஸ்கோப் படங்களும் அம்புஜத்தின் வாசல் செடியில் எடுத்தவை. வேறு செடி ஆகாது. ஒரே ஒரு படம் பாக்கி. செவ்வாய்க்கிழமைக்குள் அது வராவிட்டால் ஆய்வேடு ஆறு மாதம் தள்ளிப்போகும். சனிக்கிழமை பார்த்து அன்னூரில் தோழிக்குக் கல்யாணம். மொட்டு கெடாமலிருக்க மருந்து ஊற்றிய பாட்டிலை அம்மாவிடம் கொடுத்து, "பத்து மணிக்கு மிளகளவு மொட்டாப் பாத்து அஞ்சு கிள்ளிப் போட்டுரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பி வந்து பார்த்தால், பாட்டிலுக்குள் மலர்ந்த பூ இரண்டு, மடித்துத் திணித்தபடி.

கத்தல் கேட்டதும் செடிக்குத் தண்ணீர் விடுகிற சாக்கில் மதிலோரம் போனேன். அவசரத்தில் குழாயைத் திறக்கவில்லை.

"பிஞ்சை எப்படிக் கண்ணு கிள்ளறது? சாமிக்கே நான் மொட்டுப் பறிக்கறதில்லை. மகரந்தம் பூவுலதானே இருக்குது?"

"பூக்கறப்போ எல்லாம் கட்டி முடிஞ்சிரும்மா! மிளகளவுலதான் நாலு நாலு துகளா ஒரே உறைக்குள்ள இருக்கும். அப்பத்தான் சுவரு எழும்பும். துகள் பின்னால முளைச்சு வர்ற ஓட்டைக்கு எடம் உட்டுத்தான் எழும்பும்."

"அப்புறமாக் குடைஞ்சுக்காதா? நம்மூட்டு ஏசிக்குக் குடைஞ்சமே."

"அது கொத்தனார் மறந்ததும்மா! செடி மறக்காது. ஏனுங்க்கா, நீங்களாவது சொல்லுங்க."

"நான் இப்பத்தான் வாரேன் கண்ணு. என்ன சங்கதி?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மிளகெல்லாம் பட்டாணியாகிவிட்டது. லாஸ்யா சாப்பிடவில்லை; அம்புஜத்துக்கு அதுதான் தாங்கவில்லை. திங்கள் காலை மூக்குக்கண்ணாடியோடு கிளை கிளையாகத் தேடி, என் மதில் மேல் சாய்ந்த கொம்பில் ஐந்தைக் கண்டுபிடித்தாள். "கோவிச்சுக்காதே தாயி" என்று செடியிடம் கெஞ்சிக்கொண்டே கிள்ளினாள்.

லாஸ்யா லேபில் நறுக்கிப் பார்த்ததில் நான்கு மொட்டு வீண். ஒன்றில் சுவர் ஆரம்பிக்கவில்லை, மூன்றில் கட்டி முடிந்துவிட்டது. ஐந்தாவதில் கிடைத்தது. சாயங்காலம் லாஸ்யா செல்போனை நீட்டினாள். ஒரே உறைக்குள் நான்கு உருண்டை. சுவர் படிந்த இடம் கறுப்பு, நடுநடுவே வெள்ளைத் திட்டு.

"ஓட்டை எங்க?"

"அந்த வெள்ளைதாம்மா. அங்கெல்லாம் கட்டாம உட்டுருக்குது."

அம்புஜம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கட்டாததைப் படம் புடிக்கத்தான் என்னைய அஞ்சு பிஞ்சைக் கிள்ள வெச்சியா?"

லாஸ்யா படத்தைக் கைடுக்கு அனுப்பிவிட்டு, இரண்டு நாள் பட்டினிக்குப் பிறகு, சோறு கேட்டாள்.