அவன் கைதான நாள்

காரைக்குடியில் ஒரு பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக வேலை பார்க்கிறாள் ராஜப்ரியா. ஒன்பது வருடங்களுக்குப் பிறகு, விவாகரத்தான கணவன் அருள்முருகனிடமிருந்து அவளுக்குப் போன் வந்தது. அவன் ஆஸ்திரேலியாவில் இருந்தான். மறுமணம் செய்துகொண்டான், இரண்டு பையன்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தான். "இங்க குடியுரிமைக்கு அப்ளை பண்றேன். எப்பவாச்சும் கைதாகியிருக்கீகளான்னு ஒரு கேள்வி. மறைச்சா பின்னால வம்புங்கிறாரு வக்கீல். ஆமான்னு போட்டுட்டேன். நீ ஒரு லெட்டர் குடுத்தா நல்லாருக்கும்."

"என்னன்னு?"

"கோவத்துல குடுத்த புகாரு, அதுல சொன்னது எதுவும் நெசமில்லன்னு."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

நடந்தது நிஜம்தான். அவள் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது ஒரு சண்டையில் பிடித்துத் தள்ளினான். மாடிப்படியில் உருண்டாள். அன்றே பெண் குழந்தை பிறந்தது. குறைமாதம் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே போலீஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மருந்து வாங்கப் போயிருந்தவனை வாசலிலேயே பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு நாள்தான் குழந்தை இருந்தது. அவன் ஜாமீனில் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"குடுத்துரும்மா. அவனும் இப்பப் பிள்ளகுட்டிக்காரன்" என்றார் அப்பா சிவசங்கரன். அன்று புகாரைத் திரும்பப் பெறச் சொன்னவரும் அவர்தான். அப்போது தலையாட்டியவள் இப்போது எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளே அவனைக் கூப்பிட்டாள்.

"லெட்டர் தாரேன். புகார் குடுத்தேன், கைது பண்ணுனாக, நானே வாபஸ் வாங்குனேன். இம்புட்டுத்தான் எழுதுவேன். பொய்யின்னு எழுத மாட்டேன்."

"சரி" என்றான்.

"பிள்ளைக எத்தனைன்னு கேக்குறாகளா அதுல?"

"கேக்குறாக. ரெண்டுன்னு போட்டுருக்கேன்."

"மூணுன்னு போடுங்க. பிறப்புச் சான்றிதழ் இருக்கு, இறப்புச் சான்றிதழும் இருக்கு. அனுப்புறேன்."

அந்தப் பக்கம் அவன் அழுவது கேட்டது. "நான் அவளப் பாக்கவே இல்லையே ராஜி. யாரு மாதிரி இருந்தா?"

இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. "நெத்தி உங்க நெத்திதான்" என்றாள்.

கடிதத்தையும் சான்றிதழ் நகல்களையும் அனுப்பி வைத்தாள். மறு வருடம், மதிய இடைவேளையில் அவனிடமிருந்து செய்தி வந்தது. 'குடியுரிமை கிடைச்சிருச்சு. கைதானத வீட்டுல சொல்லிட்டேன். பிள்ளையப் பத்திச் சொல்ல தைரியம் வரல. ரெண்டுன்னுதான் போட்டேன். மன்னிச்சுரு.'

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்கி வைக்காமல் அப்பாவின் முன்னால் நின்றாள்.

"பிள்ளைய எங்க புதைச்சீக? எனக்குக் காட்டுங்க."

அவர் முகம் வெளிறியது. "அங்குட்டு ரோட்ட அகலப்படுத்திட்டாகம்மா. எனக்கே இடம் தெரியாது."

"தெரிஞ்ச வரைக்கும் போவோம்" என்று அவருடைய செருப்பை எடுத்து முன்னால் வைத்தாள்.