சுவரில் மூன்று படங்கள்

கோபிகிருஷ்ணன் திருப்பதியிலிருந்து காலை பஸ்ஸில் சித்தூர் வந்தான். செங்கல்வராயனின் கம்ப்யூட்டர் கடையில் வேறு ஆள் இல்லை.

“இன்னாடா, திடீர்னு நம்ம துப்பாக்கி கேம் மேல ஆசை?” என்றான் செங்கல்வராயன்.

“ஓட்டிக் காட்டு.”

கல்லூரி முடித்த வருடம் நண்பர்கள் நால்வர் சேர்ந்து செய்த சுடும் விளையாட்டு அது. குண்டு சுவரைத் தாண்டிப் போகும். செத்தவன் எழுந்து நிற்பான். வாங்கியவர்கள் திட்டினார்கள். இப்போது யூட்யூபில் அதைக் கேலி செய்கிறார்கள்.

“ஊரே சிரிச்சிக்கினு கீது. முழு கேமையும் கேக்கறாங்க. இன்னிக்கு நெட்ல ஏத்திடறேன்.”

“அதுக்கு முன்னாடி கேம்ல அந்தப் படம் மாட்டின வீட்டுக்குப் போ.”

செங்கல்வராயன் சிரிப்பதை நிறுத்தினான்.

திரையில் கதவு திறந்தது. எதிர்ச் சுவரில் மூன்று படங்கள். சுவர் வெறுமையாக இருக்கிறதென்று செங்கல்வராயன்தான் மற்ற மூவரையும் படமெடுத்து ஒட்டினான். வேடிக்கைக்காகச் சட்டத்துக்கு மாலை போட்டான், கண்ணாடிமேல் குங்குமப் பொட்டு வைத்தான். உயிரோடிருப்பவர் படத்துக்கு யாரும் மாலை போடுவதில்லை. அன்று நால்வரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

முதல் படம் பாலையா. வடமாலபேட்டை அருகே லாரி ஏறிச் செத்தான். அடுத்தது சுரேஷ்பாபு. போன மாதம், தூக்கத்தில்.

மூன்றாவது கோபிகிருஷ்ணன்.

“மாலைய எடு.”

“நைனா, நீயே இதை நம்பறியா?”

“எடுடா.”

“சட்டத்தோட சேத்து வரைஞ்சது. பிரிக்க வராது. மூஞ்சி மட்டும் தனி ஃபைல்.”

“அப்ப மூஞ்சிய எடு.”

எடுத்தான். மாலைக்குள் வெள்ளைக் கட்டம் நின்றது. பொட்டு அப்படியே இருந்தது.

“போதுமா?”

“அது இன்னும் என் இடம்தான்.”

“சாமி படம் வெக்கட்டா? பெருமாள் மேல குண்டு விழும், பரவால்லியா?”

கோபிகிருஷ்ணன் தலையை ஆட்டினான். வேண்டாம்.

“அப்ப வேற யார வெக்கறது? சொல்லு.” செங்கல்வராயன் அவன் தோளில் தட்டினான். “டீ வாங்கியாரேன். துன்றதுக்கு எதனா?”

“ஒண்ணும் வேணாம்.”

செருப்புச் சத்தம் தெருவில் இறங்கியது.

கோபிகிருஷ்ணன் போனை எடுத்தான். செங்கல்வராயனின் வாட்ஸ்அப் படத்தைத் திறந்தான். அதில் அவன் தன் மகளைத் தோளில் உட்காரவைத்திருந்தான். கோபிகிருஷ்ணன் படத்திலிருந்து மகளை வெட்டினான். போனை வயரில் மாட்டிப் படத்தை அந்த வெள்ளைக் கட்டத்தில் ஏற்றினான். அளவு சரியாக இருந்தது. பொட்டு நெற்றியில் விழுந்தது.

விளையாட்டை மூடினான்.

செங்கல்வராயன் இரண்டு டீயோடு வந்தான்.

“இன்னா, வெள்ளையே இருக்கட்டுமா?”

“இருக்கட்டும்.”

“அப்ப ஏத்திடட்டா?”

டீ கையைச் சுட்டது. கோபிகிருஷ்ணன் கீழே வைக்கவில்லை.

“ஏத்திடு.”