இரண்டு விக், ஒரு டிரம்மர்

டெல்மர் ஹ்ருஸ்காவிடம் இரண்டு விக் இருந்தன. சிவப்பு ராய்ஸுக்கு, கறுப்பு ஸாபோவுக்கு. மாற்றி மாட்டிக்கொண்டு போனால் மானம் போய்விடும் என்று அவர் மனைவி வெர்னா ஃப்ரிஜ் கதவில் காலண்டரைத் தொங்கவிட்டு, இரண்டு நிற மையில் சனி ஞாயிறுகளைக் குறித்து வைத்திருந்தாள்.

எழுபதுகளில் ‘பிராஸ் மியூல்’ என்று ஒரு ராக் குழு அமெரிக்காவில் டொலீடோ நகரத்திலிருந்து கிளம்பியது. பித்தளைக் கோவேறு கழுதை. அந்தக் காலத்தில் எந்தப் பெயர் வைத்தாலும் ரெக்கார்டு விற்றது. ராய்ஸ் டாக்கெட் பாடினார், லெனி ஸாபோ கிதார், டெல்மர் டிரம்ஸ். பாஸ் கிதார் வாசித்த நல்ல மனிதர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

எண்பத்தேழில் ஒரு மேடையில் ஸாபோ நாலு நிமிடம் வாசிக்க வேண்டிய கிதார் தனியைப் பத்தொன்பது நிமிடம் வாசித்தார். ராய்ஸ் நடுவில் இறங்கிப்போய் ஹாம்பர்கர் வாங்கி வந்து, மைக்குக்குப் பக்கத்தில் நின்று நிதானமாகத் தின்று முடித்தார். அதோடு பேச்சு நின்றது. வழக்கு நடந்தது. இரண்டு பேரும் அதே பெயரில் குழு நடத்தலாம், ஆனால் போஸ்டரில் ஒருவர் கழுதை இடப்பக்கமும் இன்னொருவர் கழுதை வலப்பக்கமும் பார்க்க வேண்டும் என்று நீதிபதி தீர்த்துவைத்தார். அன்றிலிருந்து கண்காட்சித் திடல்களிலும் கேசினோக்களிலும் இரண்டு கழுதைகளும் தனித்தனியாக மேய்ந்தன.

பதினொரு வருடத்துக்கு முன் ராய்ஸின் டிரம்மர் ஓய்வு பெற்றதும், குழு உடைந்தபின் எந்தப் பக்கமும் சேராமல் இருந்த டெல்மரை “நீ வாடா” என்று ராய்ஸ் கூப்பிட்டார். டெல்மர் சரி என்றார். அடுத்த வாரமே ஸாபோ கூப்பிட்டார். அதற்கும் சரி என்றார். முடியாது என்ற சொல் அவர் வாயில் உருவானதே இல்லை. மற்றவனுக்குத் தெரிந்தால் தகராறு, அதனால் விக் வைத்துக்கொண்டு வேறு பெயரில் வாசிக்கிறேன் என்று இருவரிடமும் ஒரே கதையை விட்டார். அவரவரும் டெல்மர் தனக்கு மட்டும்தான் சொந்தம் என்று நினைத்துக்கொண்டார்கள். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, டெஸ்ஸா வரும்வரை.

டெஸ்ஸா ஆவணப்பட இயக்குநர். முப்பது வயது, கழுகுக் கண். இரண்டு குழுக்களையும் ஒரு வருடம் படம்பிடித்தவள், எடிட்டிங் மேசையில் உட்கார்ந்தபோது ஒன்றைப் பார்த்துவிட்டாள். சிவப்புத் தலை டிரம்மரும் கறுப்புத் தலை டிரம்மரும் பாட்டு ஆரம்பிக்குமுன் குச்சியால் இடது காதைச் சொறிந்தார்கள்.

“டெல், ரெண்டும் நீங்கதானே?” என்று அவள் கேட்டபோது டெல்மர் இரண்டு கையையும் கூப்பினார்.

“இந்தா பாரும்மா, அதை மட்டும் வெட்டிடு. எனக்கு உலகத்துல இருக்கிறதே ரெண்டு சிநேகிதனுங்க. படம் வந்தா ஒருத்தன்கூட மிஞ்ச மாட்டான்.”

“படத்துலயே நல்ல இடம் அதுதான், டெல். நீங்க வந்து பாருங்க.”

“நான் எதுக்கு? என் கருமாதிக்கு நானே வரணுமா?”

ஆனாலும் போனார். நவம்பர் மாதத்து ஞாயிறு, பிற்பகல் காட்சி. ராய்ஸ் இடது கோடியில், ஸாபோ வலது கோடியில். இரண்டு பேரும் வெவ்வேறு கதவு வழியாக வர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. டெல்மர் நடுவரிசையில் வெர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“கையை நசுக்காதே, நான் ஓடிட மாட்டேன்” என்றாள் வெர்னா. “நீ ஓடாம இருந்தா சரி.”

அரைமணி நேரத்தில் அந்த இடம் வந்தது. திரை இரண்டாகப் பிரிந்தது. இங்கே சிவப்பு, அங்கே கறுப்பு. ஒரே நேரத்தில் இரண்டு குச்சி, இரண்டு காது. அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. டெல்மர் கண்ணை மூடிக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் திரையில் ராய்ஸின் குரல் கேட்டது.

“டெல் அங்கயும் வாசிக்கிறானா? பதினொரு வருஷமா தெரியுமே! அவனுக்குப் பொய் சொல்ல எங்க வரும்? போன வாரம் எங்கடா போனேன்னா, எரீ ஊர்ல தங்கச்சி வீடும்பான். அவனுக்குத் தங்கச்சியே கிடையாது. தங்கச்சிக்கு முட்டி ஆபரேஷன்னான். சரி, ஸாபோவுக்கு முட்டி போயிடுச்சுன்னு புரிஞ்சுக்கிட்டேன். நல்ல கைத்தடியா ஒண்ணு வாங்கி, தங்கச்சிகிட்ட குடுடான்னேன்.”

அடுத்து ஸாபோ. கையில் அந்தக் கைத்தடி.

“எனக்குச் சொன்னது ஃபோர்ட் வேன் ஊர்ல ஒரு சித்தப்பா பையன் கதை. அவன் பொண்டாட்டி செத்துட்டாளாம்னான். சொல்லிக்கிட்டே அழுதுட்டான். ராய்ஸோட ஜோனெட்டுன்னு தெரிஞ்சுபோச்சு. அவளுக்கு ரோஜா ஆகாது. வெள்ளை லில்லியா வாங்கி, பேர் போடாம அனுப்பினேன். டெல்லை நான் எதுக்குக் கேக்கப் போறேன்? கேட்டா நிறுத்திடுவான். அப்புறம் அந்த எருமை உசிரோட இருக்கானான்னு எனக்கு யாரு சொல்றது?”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. டெல்மர் கண்ணைத் திறந்து பார்த்தபோது திரை கலங்கலாகத் தெரிந்தது. பதினொரு வருடம் திருட்டுத்தனம் என்று நினைத்துச் செய்ததை இரண்டு பேரும் தபால் சேவையாக நடத்தியிருக்கிறார்கள்!

படம் முடிந்து வெளிக்கூடத்தில் இருவரும் அவரைத் தேடி வந்தார்கள். வலமொருவர், இடமொருவர்.

“டெல், பத்தொன்பது நிமிஷம்னு படத்துல போட்டிருக்காங்களே, அது இருபத்திரெண்டுன்னு அவன்கிட்ட சொல்லு” என்றார் ராய்ஸ்.

“டெல், அவன் தின்னது ஒண்ணு இல்ல, ரெண்டுன்னு சொல்லு” என்றார் ஸாபோ.

மூன்றடி தூரம்கூட இல்லை. டெல்மர் பழக்கதோஷத்தில் ஸாபோ பக்கம் திரும்பி வாயைத் திறந்துவிட்டார். பிறகுதான் கோபம் வந்தது. வாழ்நாளில் அவ்வளவு கோபம் அவருக்கு வந்ததில்லை.

“பதினொரு வருஷம் அந்தச் சனியனை மாட்டிக்கிட்டு ஆகஸ்ட் வெயில்ல தலை வெந்து செத்தேன்டா! ஒவ்வொரு திங்கக்கிழமையும் போன் அடிச்சா குலை நடுங்கும் எனக்கு. ரெண்டு பேருக்கும் தெரியுமாம், ரெண்டு பேரும் சும்மா இருந்தாங்களாம்! இதோ நிக்கிறான், நீயே சொல்லு. முடியாது. என்னால முடியாது!”

அந்தச் சொல் வந்தே விட்டது. வெர்னாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வெளியே காற்று மொட்டைத் தலையைப் பதம் பார்த்தது. வீம்பாகத் தெருவைப் பார்த்து நின்றார். கொஞ்ச நேரம்தான். பிறகு மெல்லத் திரும்பி கண்ணாடி வழியாகப் பார்த்தார். உள்ளே ராய்ஸ் விரலை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார். ஸாபோ கைத்தடியைத் தரையில் தட்டினார். ராய்ஸ் ஏதோ சொல்ல, ஸாபோ பதில் சொல்ல, திடீரென்று ராய்ஸ் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஸாபோ அவர் தோளில் கை வைத்தார்.

டெல்மருக்கு நெஞ்சு நிறைந்தது. கூடவே பொறாமையாகவும் இருந்தது. என்ன பேசினார்கள் என்று தெரியாமல் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

“குளிருது. உள்ள போயேன், அவங்க உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க” என்றாள் வெர்னா.

டெல்மர் கோட்டுக் காலரைத் தூக்கிக் காதை மூடிக்கொண்டார்.

“வேண்டாம். இப்பப் போனா, ரெண்டு பேரும் மறுபடி என்கிட்ட பேச ஆரம்பிச்சுடுவாங்க.”