அடுப்படியிலிருந்து ஒரு பின்னணிப் பாட்டு

தம்பி முக்காலியில் ஏறி நின்று அக்காவின் படங்களைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தான். அவன் விழுந்து தொலைக்கக் கூடாதே என்று முக்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவள் அந்த அக்காவேதான்.

“மெதுவாடா. ஆணியோட சேத்து இழுக்காத, சுவரு பேந்துடும்.”

“நீ சும்மா இருக்கா. நாலு மணிக்கு வந்துடுவாங்க.”

ராணி வேஷத்தில் இரண்டு, விருது வாங்குகையில் ஒன்று, ஒலிவாங்கி முன்னால் கண்ணை மூடிக்கொண்டு மூன்று. ஆறும் கட்டிலுக்கு அடியில் போயின. சுவரில் ஆறு வெளிர்க் கட்டங்கள் மிஞ்சின. தம்பி மனைவி ஒரு நாட்காட்டியைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தாள். அது ஒரு கட்டத்தைக்கூட முழுசாக மறைக்கவில்லை.

“அது பத்தாதும்மா. அந்த அலமாரியை இங்க நகத்துங்க, மேல பூச்சாடியை வைங்க. வர்றவங்க கண்ணு முதல்ல பூவுக்குத்தான் போகும்” என்றாள் அக்கா. படப்பிடிப்புத் தளங்களில் கற்ற வித்தை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதற்கும் அனுபவம் வேண்டுமல்லவா, அது அவளுக்கு முப்பத்தைந்து வருஷம் இருந்தது.

தம்பி மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். பெண் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். பையன் கை ஒடிந்து அங்கே வந்தான், கை சேர்ந்த பிறகும் வந்துகொண்டே இருந்தான். அவனுக்குப் பெண்ணின் அத்தை யாரென்று தெரியும். அவன் அம்மாவுக்குத் தெரியாது. தெரிவிக்க அவனுக்குத் தைரியமும் இல்லை, தரகர் மூலமாகவே பேச்சை எடுக்கவைத்திருந்தான். அந்த அம்மா தரகரிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருந்தாள்: சினிமாக்காரக் குடும்பம் மட்டும் வேண்டாம். தரகர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “சினிமாவா? அந்த வீட்ல டிவியைக்கூட சத்தமா வைக்க மாட்டாங்க” என்றாராம். அம்மாளுக்குப் பாட்டு என்றால் உயிர் என்று கேள்விப்பட்டு, “பொண்ணு குயிலு மாதிரி பாடும்” என்று போகிற போக்கில் இன்னொன்றையும் சேர்த்துவிட்டு வந்திருந்தார்.

பெண்ணுக்குப் பாட வராது. அவள் குளியலறையில் பாடினால் பக்கத்து வீட்டுக்காரர் குழாய் கெட்டுப்போய்விட்டதா என்று விசாரிப்பார்.

வீடே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் அத்தை வாயைத் திறந்தாள். “என்னடா பெரிய கவலை? அவ வாயை அசைக்கட்டும், நான் அடுப்படியிலேந்து பாடுறேன். எத்தனை பேருக்குப் பாடியிருக்கேன், இவளுக்குப் பாட மாட்டேனா?”

சிரிக்கத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. தம்பி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சிலர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வார்கள், அவள் குரலைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

யோசித்துப் பார்த்தால் அவள் பிழைப்பே அதுதான். பதினைந்து வயதில் பாடத் தெரியும் என்பதற்காக நடிக்க அழைத்தார்கள். நடிக்கத் தெரியாது என்பதை ரசிகர்கள் கண்டுபிடிக்கப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று, பெருந்தன்மையானவர்கள். அதற்குள் உடம்பு சுற்றளவில் முன்னேறிவிட்டது. குரல் மட்டும் பதினெட்டிலேயே நின்றுவிட, ஒல்லியான பெண்கள் மரத்தைச் சுற்றி ஓட, இவள் ஒலிப்பதிவுக் கூடத்துக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்று பாடினாள். பேருந்தை நிறுத்தி அவளைப் பார்க்க இறங்கிய ஜனங்கள்தான், அவளுக்கு வாடகைக்கு வீடு தர மாட்டேன் என்றும் சொன்னார்கள். கல்யாணம் பேச வந்தவர்கள் பாட்டைக் கேட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் தம்பி பெயரில் வாங்கிய இந்த வீட்டில் அவளே ஒதுங்கினாள். எல்லாம் பாட்டுக் காசு: வாசற்கதவு ஒரு தாலாட்டு, மாடிப்படி ஒரு காதல் பாட்டு, அடுப்படி மட்டும் ஓடாத படத்தில் பாடிய சோகப் பாட்டு. இன்றைக்கு அவளை உட்காரச் சொன்னது அந்த அடுப்படியில்தான்.

தம்பி மகளை ஒன்றரை வயதிலிருந்து வளர்த்தவள் அவள். தாய்க்காரி நோயாளியாகப் படுத்திருந்த நாட்களில் ஒலிப்பதிவுக் கூடத்தில் மடியில் போட்டுத் தூங்கவைத்தாள். அவளுக்கு வேண்டியது இப்போது ஒன்றே ஒன்றுதான். கல்யாணத்தன்று அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் அத்தையாக நிற்க வேண்டும்.

“கல்யாணத்துக்கு நான்...” என்று தம்பியிடம் இழுத்தாள்.

“பாக்கலாம்கா. முதல்ல இது முடியட்டும்.”

தயாரிப்பாளர்கள் ‘பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் போய்ப் பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்தாள்.

“சுதி மேல போறப்ப புருவத்தைத் தூக்கு. மூச்சை நான் எடுக்குற இடத்துலயே எடு. பாட்டு முடிஞ்சதும் வாயைப் பட்டுன்னு மூடாத.”

“அத்தை, எனக்கு இது பிடிக்கல. நாளைக்கு அவங்க வீட்ல போய்ப் பாடச் சொன்னா?”

“தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லு. தொண்டை கட்டின மருமகளை எந்த மாமியாரும் வேணாம்னு சொன்னதில்ல.”

பெண் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு வந்தார்கள். பையன், அவன் அப்பா, அம்மா. அம்மாள் பூச்சாடியைப் பார்த்து “அழகா இருக்கே” என்றாள். அடுப்படிக் கதவை இரண்டு விரல் அளவுக்குத் திறந்து வைத்துக்கொண்டு, தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தவளுக்கு அந்தப் பாராட்டில் ஓர் அற்பப் பெருமை.

பேச்செல்லாம் ஓய்ந்ததும் அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தாள். “எங்கேம்மா, ஒரு பாட்டு பாடு.”

பெண் தொண்டையைச் செருமினாள். ஒத்திகை பார்த்த சின்னப் பாட்டு தயாராக இருந்தது.

“அந்தப் பழைய படத்துல, கதாநாயகி, புருஷன் கப்பல்ல போனப்புறம் ஜன்னல்கிட்ட நின்னு பாடுவாளே, அது தெரியுமா? அதைக் கேட்டா நான் சோறு தண்ணி மறந்துடுவேன்.”

கூடத்தில் பெண்ணுக்கு முகம் வெளுத்தது. அடுப்படியில் அந்தப் பாட்டுக்குச் சொந்தக்காரி அடுப்பை அணைத்தாள். ஒத்திகை இல்லாத பாட்டு, அதிலும் நெளிவு சுளிவு நிறைந்தது. மறுத்துவிட்டிருக்கலாம், பாத்திரத்தைக் கீழே போட்டுச் சத்தம் கிளப்பியிருக்கலாம். ஆனால் தன் பாட்டை ஒருத்தி ஆசையாய்க் கேட்டுப் பாடாமல் இருக்க அவளுக்கு எந்த வயதிலும் தெரிந்ததில்லை. பாடத் தொடங்கினாள்.

பெண் இரண்டு வரிக்கு உதட்டை அசைத்தாள். மூன்றாவது வரியில் குரல் வளைந்து எங்கோ போயிற்று, உதடு வேறெங்கோ போயிற்று. நாலாவது வரியில் அவள் வாயை மூடிக்கொண்டாள். கைகளைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். பாட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

கதவிடுக்கு வழியே அத்தை அதைப் பார்த்தாள். அந்த நிமிஷமே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பாட்டின் உச்சிக்கு இன்னும் ஒரே அடிதான். அதைத் தொடாமல் பாதியில் இறங்குவதா? குடும்ப மானம் ஒரு பக்கம், மேல் சுருதி ஒரு பக்கம் என்று தராசில் வைத்ததில் சுருதிதான் கனத்தது. தொட்டு, நிதானமாக இறங்கி, முடித்துவிட்டுத்தான் வெட்கப்பட்டாள்.

தம்பி தலையைத் தொங்கப் போட்டிருந்தான்.

“பாடினது நான் இல்லைங்க” என்றாள் பெண். “எங்க அத்தை. என்னை வளத்தவங்க.”

அம்மாளின் கண்களில் நீர் நின்றது. “தெரியும்மா. முதல் வரியிலேயே தெரிஞ்சுடுச்சு. இந்தக் குரல் தெரியாதவ யாரு? எங்க வீட்ல பொழுது விடியறதே இவங்க பாட்டுலதான்.”

அடுப்படியில் இருந்தவளுக்குக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவரத் தோன்றியது. நல்லவேளை, அம்மாள் இன்னும் பேசி முடிக்கவில்லை.

“என் பையனுக்குப் பிடிச்சிருக்கு. இதுக்காக வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரல. கல்யாணத்தன்னிக்கும் இதே மாதிரி மேடைக்குப் பின்னால ஒரு மறைப்பு கட்டிடலாம். இவங்க உள்ள உக்காந்து பாடட்டும். எங்க சனங்க ஏதோ ரெக்கார்டு போட்டிருக்குன்னு நினைச்சுப்பாங்க. யாருக்கும் சங்கடம் இல்ல பாருங்க.”

தம்பி துள்ளி எழுந்தான். “அக்கா, கேட்டியா! ஒத்துக்கிட்டாங்க!”

கதவு திறந்தது. ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி, பவுடர் பூசாத முகத்தோடு, நரையை மறைக்காமல் அவள் கூடத்துக்கு வந்தாள். அம்மாள் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டாள். எழுந்த பிறகுதான் யாருக்காக எழுந்தோம் என்று நினைவு வந்து, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உக்காருங்க” என்றாள் அவள். “ரெக்கார்டு வேணும்னா கடையில கிடைக்கும், என்னைவிட நல்லாவே பாடும், இருமாது. அத்தை வேணும்னா முன் வரிசையில ஒரு நாற்காலி போடணும். கொஞ்சம் அகலமான நாற்காலியா பாத்துப் போடுங்க.”

“அக்கா!” என்று பல்லைக் கடித்தான் தம்பி.

“எனக்கும் அதுதான் வேணும்” என்றாள் பெண். “அத்தை முன்னால இல்லாத கல்யாணத்துல நானும் இருக்க மாட்டேன்.”

பையன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு முதல்முறையாக வாயைத் திறந்தான். “நானும்தாம்மா.”

அம்மாளுக்கு முகம் சிவந்தது. “யோசிச்சுச் சொல்றோம்” என்று எழுந்தாள். வாசல் வரை போனவள் கைப்பையைத் திறந்து, தரகர் கொடுத்திருந்த பெண்ணின் படத்தைத் திருப்பிக் கொடுக்க எடுத்தாள். எடுத்தவள் தயங்கினாள். படத்தைக் கவிழ்த்து, பின்பக்க வெள்ளையைப் பார்த்தாள்.

“தப்பா நினைச்சுக்காதீங்க” என்றாள் தணிந்த குரலில். “என் தங்கச்சியும் உங்க பாட்டுன்னா பைத்தியம். இதுல ஒரு கையெழுத்து போட்டுத் தருவீங்களா?”

எத்தனையோ ஆயிரம் கையெழுத்துப் போட்ட கை அது. பேனாவை வாங்கி, படத்தைக் கதவின்மேல் வைத்து, நிதானமாக எழுதிக் கொடுத்தாள்.

அம்மாள் வாசித்தாள். ‘பெண்ணின் அத்தை’ என்று இருந்தது.

“உங்க பேரைப் போடலையே? இதைக் காட்டினா நீங்கன்னு யாரு நம்புவாங்க?”

“நான் அத்தைன்னு என் தம்பிக்கே இன்னும் நம்பிக்கை வரல” என்றாள் அவள். “நீங்க மெதுவா நம்புங்க, அவசரம் ஒண்ணும் இல்ல.”